யாரையும் திருப்பி அனுப்பாத பாதை: குமானோவில் நாங்கள் நடந்தது

நவம்பர் 11, திங்கள், தனாபே

ஜப்பானின் ஒசாகாவிலிருந்து தெற்கே வரும் ரயிலில் வலப்பக்கம் இடம் கிடைத்தால் பாதி வழிக்கு மேல் கடல் பார்த்துக்கொண்டே வரலாம். எங்களுக்குக் கிடைத்தது. இறங்கியது தனாபே. கீ தீபகற்பத்தின் மலைகளுக்குள் போகும் குமானோ கோதோ என்ற பழைய யாத்திரைப் பாதைக்கு இந்த ஊர்தான் வாசல். இதன் பல கிளைகளில் நாகாஹெச்சி என்பதில் நடக்கப் போகிறோம். 2004இல் யுனெஸ்கோ இந்த வழிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆயிரம் வருடங்களுக்கு மேலாக மன்னர்களும் கூலிக்காரர்களும் நடந்த பாதை.

என் கணவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் போகும் முதல் நீண்ட பயணம் இது. கோயில் கோயிலாகப் பேருந்தில் இறங்கி ஏறுவது வேண்டாம், நடந்து போவோம் என்று சொன்னது அவர்தான்.

சாயங்காலம் ஊரைச் சுற்றினோம். மினகாதா குமாகுசு என்ற இயற்கை அறிஞர் வாழ்ந்த வீடு இங்கே இருக்கிறது. 1906க்குப் பிறகு அரசாங்கம் சின்னச் சின்னக் கோயில்களையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னது. கோயில் போனால் அதைச் சுற்றியிருந்த காடும் வெட்டுப்படும். பூஞ்சைகளை ஆராய்ந்துகொண்டிருந்த அந்த மனிதர் அதை எதிர்த்து வருடக்கணக்கில் போராடினார். நாளைக்கு நாங்கள் பார்க்கப்போகும் மரங்களில் சில, அவர் இல்லையென்றால் இருந்திருக்காது.

இருவருமே சைவம், முட்டை மட்டும் உண்டு. ஜப்பானில் இது லேசான காரியம் இல்லை. காய்கறிக் குழம்பு என்று கொடுப்பதிலும் உலர்ந்த மீனைக் கொதிக்கவைத்த சாறு இருக்கும். தங்குமிடங்களுக்கு ஒரு மாதம் முன்னாலேயே எழுதிவிட்டோம். இன்று ராத்திரி மட்டும் கடையில் வாங்கிய சோற்று உருண்டை. உள்ளே உமேபோஷி என்ற உப்பிட்டு உலர்த்திய பழம். இந்தப் பக்கத்தில்தான் ஜப்பானிலேயே அதிகமாக விளைகிறதாம். ஒரு கடி கடித்ததும் அவர், "அம்மா போடுற நார்த்தங்காய் மாதிரியே இருக்கு" என்றார். உண்மைதான்.

நவம்பர் 12, செவ்வாய், தாகிஜிரியிலிருந்து தகஹாரா

பேருந்தில் பள்ளிப் பிள்ளைகள் இறங்கும்போது ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். கடைசிப் பையன் இறங்கும்வரை வண்டி அவசரப்படவில்லை.

தாகிஜிரியில் ஒரு சிற்றாலயம். இங்கிருந்துதான் குமானோவின் புனித மண் தொடங்குகிறது என்பது ஐதீகம். வழி நெடுக இப்படிச் சிற்றாலயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன மரப்பெட்டி, உள்ளே முத்திரை. கையேட்டில் நாமே குத்திக்கொள்ளலாம். பாதை தொடங்கும் இடத்தில் மூங்கில் கைத்தடிகள் வைத்திருந்தார்கள். எடுத்துப் போய் நடை முடிகிற இடத்தில் வைத்துவிட்டால் போதும், காவலுக்கு ஆள் கிடையாது.

முதல் அரை மணி நேரம் நேரே மேலே ஏற்றம். படி என்று சொல்வது மரத்தின் வேர்களைத்தான். பாதி வழியில் பெரிய பாறைகளுக்கு நடுவே ஒரு பொந்து. கர்ப்பத்துக்குள் புகுந்து வெளியே வருவது போன்ற இடம், அதில் நுழைந்து வந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் என்பது நம்பிக்கை. எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது, ஆனாலும் நுழைந்தேன். மேலே வெளிச்சம் தெரியும் இடத்தில் கையை ஊன்றி உடம்பைத் தூக்கியபோது மனதில் இருந்தது மகளின் முகம். அடுத்த மாசி அவளுக்கு மாதம்.

தகஹாராவுக்கு நாலு கிலோமீட்டர்தான், எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. மலைச்சரிவில் படிப்படியாக வயல், சில வீடுகள், பெரிய கற்பூர மரங்களுக்கு நடுவே ஒரு பழைய கோயில். எதிரே அடுக்கடுக்காக மலை. தங்கிய வீட்டில் ஆளுக்கு 13,000 யென், ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து. நம் பணத்தில் ஏழாயிரத்துச் சொச்சம். வீட்டு அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். எங்கள் கடிதத்தை அடுக்களைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். கடற்பாசிச் சாற்றில் செய்த குழம்பு, எள்ளை அரைத்துச் செய்த தோஃபு, சேனை போன்ற ஒரு கிழங்கு, காளான் வறுவல். ஒவ்வொரு கிண்ணத்தையும் வைக்கும்போது விரலை ஆட்டி, "மீன் இல்லை, மீன் இல்லை" என்று சைகை காட்டினார். சாப்பிட்டு முடித்ததும் நான் கைகூப்பியபோது அவரும் அப்படியே கைகூப்பினார்.

நவம்பர் 13, புதன், சிக்காட்சுயு

காலையில் எதிர்மலை இல்லை. பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி.

இன்று காட்டுக்குள்ளேயே நடை. பெரும்பாலும் நட்டு வளர்த்த தேவதாரு மரங்கள், நேராக, ஒரே அளவில். நடுவில் இடிந்துபோன தேநீர் விடுதிகளின் அடித்தளக் கல் மட்டும் பாசி பிடித்துக் கிடக்கிறது. யாத்திரிகர்கள் திரளாக வந்த காலத்தில் இங்கே அடுப்பு எரிந்திருக்கும்.

பத்து மணி வாக்கில் அவருடைய வலது ஷூவின் அடிப்பாகம் முன்பக்கம் பிளந்து, வாய் திறந்துகொண்டது. கைக்குட்டையால் கட்டிப் பார்த்தோம், நூறு அடிகூட நிற்கவில்லை. காடு முடிந்து தார்ச்சாலை தொட்ட இடத்தில் ஒரு பெரியவர் வேலி கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஷூவைப் பார்த்தார், வீட்டுக்குள் போனார், கறுப்பு டேப்பும் கம்பியும் எடுத்துவந்து மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "ஐயோ வேண்டாம், நானே கட்டிக்கறேன்" என்று இவர் தமிழிலேயே பதறினார். பெரியவர் காலை விடவில்லை. சுற்றி முடித்து, எழுந்து நடந்து காட்டச் சொன்னார். பணம் கொடுக்கப் போனதற்குப் பின்வாங்கி, இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து வேண்டாம் என்றார். அப்புறம் கூடையிலிருந்து மிக்கான் ஆரஞ்சு ஐந்தாறு எடுத்து என் பையில் போட்டார். வயதில் மூத்த ஒருவர் தன் காலைத் தொட்டுவிட்டார் என்பது இவரை ராத்திரிவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

சாலை ஓரத்தில் ஆளில்லாத கடைகள் இருக்கின்றன. ஒரு பலகை, அதன்மேல் உமேபோஷி, காளான், ஆரஞ்சுப் பைகள், ஒரு தகரடப்பா. எது எடுத்தாலும் 100 யென், அதாவது 55 ரூபாய். இந்த ஊர்களில் கண்ணில் பட்டவர்கள் எல்லாருமே முதியவர்கள். இளைஞர்கள் ஒசாகா போய்விடுகிறார்கள். பாதையில் விழுந்த மரத்தை அறுப்பது, ஆலயத்தைப் பெருக்குவது, பலகையில் ஆரஞ்சு வைப்பது எல்லாம் இந்தக் கைகள்தான். இவர்களுக்குப் பிறகு யார் என்று நினைக்கையில் வருத்தமாக இருந்தது.

நவம்பர் 14, வியாழன், ஹோங்கு, யுனோமினே

நல்ல வெயில், நல்ல குளிர். காலையில் சுகிசாகுரா வரை நடந்தோம். மினகாதா குமாகுசு காப்பாற்றிய தேவதாருக்கள் இங்கேதான் நிற்கின்றன. கிளைகள் எல்லாம் ஒரே பக்கமாக, தெற்கே நாச்சி அருவி இருக்கும் திசையில் நீண்டிருக்கின்றன. நாலு பேர் கைகோத்தாலும் அடங்குமா தெரியாது.

அங்கிருந்து, பெரிய கோயில் இருக்கும் ஹோங்கு வரை முழுவதும் நடக்கத் தெம்பு இல்லை. பேருந்தில் ஹொஷின்மோன் போய், கடைசி ஏழு கிலோமீட்டரை நடந்தோம். தேயிலை பாத்தி, வீடு, காடு, மறுபடி தேயிலை பாத்தி. சுகமான பாதை. ஆனால் இன்று நான் எழுத விரும்புவது ஃபுஷியோகாமி என்ற மேட்டைப் பற்றி.

நாட்கணக்கில் நடந்து வரும் யாத்திரிகர்களுக்குப் பெரிய கோயில் முதன்முதலாகக் கண்ணில் படும் இடம் அது. அங்கேயே விழுந்து கும்பிடுவார்களாம். ஓரமாக ஒரு சின்னக் கல்தூபி. இசுமி ஷிகிபுவின் பெயரில் உள்ளது. ஆயிரம் வருடங்களுக்கு முன் அரண்மனையில் இருந்த பெரும் கவிஞர், பெண். கதை இப்படிப் போகிறது. அவர் இந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாதவிலக்கு வந்துவிட்டது. இத்தனை தூரம் வந்தும் கோயிலுக்குப் போக முடியாதே என்று வருந்தி ஒரு கவிதை எழுதிவிட்டுத் தூங்கினார். கனவில் குமானோவின் தெய்வம் வந்து, அது ஒரு தடையே இல்லை, நீ வா என்றது. மறுநாள் அவர் போய் வணங்கினார்.

அந்தக் கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அம்பாசமுத்திரத்தில் வளர்ந்தவள் நான். கொல்லைப்புறத் திண்ணையில் தனித் தட்டும் தனிப் பாயுமாக மாதத்தில் மூன்று நாள் கழித்திருக்கிறேன். திருவிழாத் தேர் எங்கள் தெருவில் போகும்போது ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவிடாத வருடம் ஒன்று உண்டு. இந்தக் கதையைப் பதினான்கு வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

இதே மலைகளில் எல்லா இடமும் இப்படி இல்லை. கோயாசான் மலைக்குள் 1872இல் அரசாங்கம் தடையை நீக்கும்வரை பெண்கள் போக முடியாது. ஓமினே மலைத்தொடரில் சஞ்ஜோகதாகே சிகரத்துக்கு இன்றும் பெண்கள் ஏறக்கூடாது. மூன்று இடங்களும் யுனெஸ்கோவின் ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன. குமானோ மட்டும் அன்றே திறந்திருந்தது. 1274இல் இப்பென் என்ற துறவிக்கு ஹோங்குவில் கிடைத்த அருள்வாக்கும் இதையேதான் சொல்கிறது: நம்புகிறவனா நம்பாதவனா, சுத்தமா அசுத்தமா என்று பார்க்காமல் உன் நாமச்சீட்டை எல்லாருக்கும் கொடு.

ஹோங்கு கோயிலுக்கு இந்தப் பாதை பின்புறமாக வந்து சேர்கிறது. மரப்பட்டை வேய்ந்த கூரைகள், மூன்று கால் காகத்தின் உருவம் எங்கு பார்த்தாலும். ஸ்பெயினின் சாந்தியாகோ பாதையையும் இதையும் நடந்து முடித்தவர்கள் இங்கே முரசு அடிக்கலாம். நாங்கள் போன நேரம் ஒரு வயதான ஸ்பானிஷ் தம்பதி அடித்தார்கள். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடித்தார்.

கோயில் ஆதியில் இருந்தது இங்கே இல்லை. கீழே மூன்று ஆறுகள் கூடும் ஓயுனோஹாரா மணல்திட்டில் இருந்தது. 1889 வெள்ளம் பெரும்பகுதியை அடித்துப் போக, மிஞ்சியதை மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய இடத்தில் இப்போது கல்பீடங்களும் புல்லும்தான். வயலுக்கு நடுவே 2000இல் எழுப்பிய தோரண வாயில், 33.9 மீட்டர் உயரம். அதன் அடியில் நின்று எடுத்த படத்தில் எங்கள் முகம் தெரியவில்லை.

ராத்திரி யுனோமினே. ஊர் என்றால் ஓர் ஓடை, இரண்டு பக்கமும் விடுதிகள், கந்தக வாடை. ஓடைக் கரையில் கொதிநீர்த் தொட்டி ஒன்று, ஏறக்குறைய 90 டிகிரி. கடையில் முட்டையை வலைப்பையில் கட்டித் தருகிறார்கள், தொட்டியில் தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டோம். அந்தக் குளிரில் அதைவிட நல்ல சாப்பாடு இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஓடைக்குள்ளேயே ஒரு மரக்குடில். உள்ளே இரண்டு பேர் உட்காரும் அளவுக்குப் பாறைத்தொட்டி, வெந்நீர் ஊற்று. சுபோயு என்று பெயர். வரிசைச்சீட்டு வாங்கி, முறை வந்ததும் அரை மணி நேரம் நமக்கே நமக்கு. இந்த ஊற்றுக்கு ஒரு கதை உண்டு. ஓகுரி என்ற வீரனை விஷம் வைத்துக் கொன்றார்களாம். யமன் அவனைத் திருப்பி அனுப்பினான், ஆனால் பேசவும் நடக்கவும் முடியாத எலும்புக்கூடாக. ஒரு வண்டியில் அவனைக் கிடத்தி, இழுப்பவர்களுக்குப் புண்ணியம் என்று எழுதி வைத்தார்கள். ஊர் ஊராக யார் யாரோ இழுத்தார்கள். அவன் மனைவி தெருதேவும், அது தன் கணவன் என்று தெரியாமலேயே சில நாள் இழுத்தாள். 49 நாள் இந்த ஊற்றில் குளித்து அவன் பழைய உடம்பைப் பெற்றான். தொழுநோயாளிகள் இந்தக் கதையை நம்பிக் குமானோவுக்கு நடந்து வந்திருக்கிறார்கள். அவர்களையும் யாரும் திருப்பி அனுப்பவில்லை.

தண்ணீர் தாங்க முடியாத சூடு. பச்சைத் தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினோம். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

நவம்பர் 15, வெள்ளி, கோகுச்சி

உகேகாவாவிலிருந்து 13 கிலோமீட்டர். பாதி வழியில் ஹியாக்கென்குரா என்ற முனை. நிலத்தின் விளிம்பு போல நின்று பார்த்தால் மலைக்குப் பின் மலை, ஒவ்வொன்றும் முன்னதைவிட வெளிறிய நீலம். அங்கேதான் மதியச் சாப்பாடு: கடுகுக்கீரை போன்ற ஓர் இலையை ஊறவைத்து அதில் சோற்றை உருட்டிய மெஹாரிசுஷி. கெட்டியான உருண்டை, ஒன்றிலேயே வயிறு நிறையும்.

கோகுச்சி வந்து சேர்ந்தால் பெட்டி வரவில்லை. பெட்டியை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வண்டியில் அனுப்பும் ஏற்பாடு இங்கே உண்டு. எங்கள் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது. மாற்றுத்துணி இல்லை, இவருடைய ரத்த அழுத்த மாத்திரையும் அதில்தான். விடுதிக்காரர் ஒன்பது மணிவரை தொலைபேசியை விட்டு நகரவில்லை. கடைசியில் ஓர் இளைஞன் மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்துவிட்டு இடுப்புவரை குனிந்து நின்றான், நாங்கள் போகச் சொல்லும்வரை நிமிரவில்லை. "பாவம்ங்க, சின்னப் பையன். ஏதாவது சாப்பிடக் கொடுங்க" என்றேன். முந்தாநாள் ஆரஞ்சில் மீதி இருந்ததைக் கொடுத்தார்.

நவம்பர் 16, சனி, நாச்சி

மழை. ஓகுமோதோரி ஏற்றம், 14.5 கிலோமீட்டர். முதல் ஐந்து கிலோமீட்டரில் ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். பாசி பிடித்த கல்படியில் அவர் இரண்டு முறை வழுக்கி உட்கார்ந்தார், அடி இல்லை. எதிரே வந்தவர் எவரும் சும்மா போகவில்லை, நின்று, முகத்தைப் பார்த்து, "கம்பாத்தே" என்று தைரியம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நாச்சியில் இறங்கும்போது இருட்டிவிட்டது. சாப்பிட்டது நினைவில் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு, நாச்சி, கட்சுஉரா

ஈரம் சொட்டும் வெயில். நேற்றைய மழையில் நாச்சி அருவி பெருகியிருந்தது. 133 மீட்டர், ஒரே வீழ்ச்சி. இங்கே அருவியேதான் தெய்வம். அருவிக்கு எதிரே வாயில் மட்டும், உள்ளே சிலை எதுவும் இல்லை. கீழே தாய்மோன்சாகா கல்படிகள், தொடக்கத்தில் கணவன் மனைவி என்று பெயர் வைத்த இரண்டு பெரிய தேவதாருக்கள் பாதையின் இருபுறமும். எங்களை அங்கே நிற்கவைத்து ஓர் அம்மா கேட்காமலே படம் எடுத்துக் கொடுத்தார்.

மதியம் நாச்சி ரயில் நிலையத்தின் பக்கத்தில் ஃபுதராகுசான்ஜி என்ற சின்னக் கோயிலுக்குப் போனோம். கூட்டம் இல்லை. கூரைக்குக் கீழே ஒரு மரப்படகு. அதன்மேல் ஒரு சின்ன அறை, நாலு பக்கமும் தோரண வாயில். இந்தக் கடற்கரையிலிருந்து துறவிகள் இப்படிப்பட்ட படகில் ஏறி உட்கார, வெளியே ஆணி அடித்து மூடி, கடலுக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் கயிற்றை அறுத்துவிடுவார்கள். 868 முதல் 1722 வரை ஏறக்குறைய இருபது முறை நடந்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஒருவர் தப்பிக்கப் பார்த்தார், பிடித்துக் கடலில் தள்ளினார்கள். அதற்குப் பிறகு இறந்த துறவியின் உடலை மட்டுமே அனுப்பினார்களாம்.

அவர்கள் போக நினைத்த இடம் ஃபுதராகு. தெற்கே கடலுக்கு அப்பால், கருணையின் வடிவான கன்னோன், அதாவது அவலோகிதர், வீற்றிருக்கும் மலை. சமஸ்கிருதத்தில் போதலகம். ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் அதைத் தென்னிந்தியாவில், மலய மலைக்குக் கிழக்கே வைக்கிறார். அது நம் பொதிகைதான் என்று ஆய்ந்து எழுதியவர் ஒரு ஜப்பானியர், ஷூ ஹிகோசாகா. அகத்தியர் தமிழைக் கேட்டுக்கொண்டது அவலோகிதரிடம் என்று பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற இலக்கண நூல் சொல்வதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரிவது பொதிகை. நான் துணி காயப்போட்ட கொடிக்குப் பின்னால் தினமும் நின்றிருந்த மலை. அதற்குப் போகத்தான் இவர்கள் மூடிய படகில் ஏறினார்கள். எனக்குக் கை நடுங்கியது. தெற்கே இழுத்துப்போகும் நீரோட்டமும் இங்கே இல்லை, ஜப்பானியக் கரையோரம் நீர் வடகிழக்காக ஓடுகிறது. ஒருவரும் வந்து சேர்ந்திருக்க வழியில்லை.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் இவர் போனில் ஜப்பானியத்தில் மாற்றிக் காட்டினார்: "அந்த மலை எங்கள் ஊரில் இருக்கிறது என்று சொல்கிறார்கள்." அவர் இரண்டு முறை படித்தார். பொங்கலுக்கு எடுத்த படத்தை நான் காட்டினேன். மாடிச் சுவர், கொடி, பின்னால் மலை. போனை இரண்டு கைகளாலும் வாங்கி, சன்னிதிக்குக் கொண்டுபோய், ஆயிரம் கை கன்னோனுக்கு நேரே கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்தார். திரும்பி வந்து, "மேலே ஏறியிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

இல்லை. பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடம் 1,868 மீட்டர், இப்போது ஏறுகிற வழி கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து. நெடுங்காலம் அந்த வழியில் பெண்களை விடவில்லை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் விடச் சொன்னது, 2019 ஜனவரியில் முதல் பெண் ஏறினார். இதையெல்லாம் அந்த அம்மாவுக்குப் போனில் எழுதிக் காட்டினேன். "அப்படியானால் நீங்கள் போக வேண்டும்" என்று பதில் வந்தது.

கட்சுஉரா விடுதியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஜனவரித் தொடக்கத்தில் கேரள வனத்துறை முன்பதிவு திறக்கும். இரண்டு பேருக்கும் போடுகிறோம். மகளின் பிரசவம் மாசியில், அதற்குள் ஏறி இறங்கிவிடலாம். டேப் சுற்றிய ஷூவை இங்கேயே விட்டுவிடச் சொன்னேன், இவர் கேட்கவில்லை. பெரியவர் கட்டியது, ஊருக்குக் கொண்டுவருவேன் என்கிறார். புது ஷூ திருநெல்வேலியில் வாங்கிக்கொள்ளலாம்.